வேண்டுதல் இல்லாத ஏற்றம்

அம்பாங்கிலிருந்து எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள், நெகாரா மிருகக்காட்சிசாலையைத் தாண்டியதும் மேலாவாத்தி வீடுகளின் கூரைகளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சாம்பல் வெள்ளைப் பாறை வரிசையைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருக்கக்கூடும் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சாலையின் நெரிசலில் முன்னால் ஊரும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதையும் கவனிக்கத் தோன்றாது. புக்கிட் தாபூர் என்று எல்லோரும் சொல்லும் அந்த முகடு, நகரத்தை ஒட்டி இவ்வளவு அருகில் இருப்பதாலேயே நகரத்தின் பார்வையில் படாமல் போய்விட்டது. அதற்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஏரியிலிருந்து வரும் நீரைக் குடித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

முகடு முழுக்கக் குவார்ட்ஸ். ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்பார்களே, சிறுவர்கள் இருட்டில் இரண்டை உரசிப் பொறி பார்ப்பார்களே, அந்தக் கல்தான். 14 கிலோமீட்டருக்குக் குறையாத நீளம். அகலம் சுமார் 200 மீட்டர். தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல், ஏறத்தாழ 20 கோடி ஆண்டு வயதுடையது. அந்தக் கருங்கல்லில் நீளவாக்கில் ஒரு பிளவு விழுந்து, சிலிக்கா கரைந்த வெந்நீர் ஆழத்திலிருந்து அதில் ஏறி, ஆறி, உறைந்து கல்லாயிற்று. வெட்டிய ரப்பர்ப் பால்மரத்தின் காயத்தில் பால் கசிந்து ஒட்டுப்பாலாக இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிறகு மழை தன் வேலையைத் தொடங்கியது. சுற்றியிருந்த கருங்கல் மக்கி மண்ணாகி ஆற்றோடு போனது. குவார்ட்ஸ் மக்காது. ஒரு காலத்தில் நிலத்துக்குள் புதைந்து கிடந்தது இப்படித்தான் மதிலாக வெளியே நிற்கிறது. உலகிலேயே மிக நீளமான குவார்ட்ஸ் முகடு இதுதான் என்று சிலாங்கூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தப் போட்டியில் எனக்கு அக்கறையில்லை. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இது சேர்ந்தபோது, கீழே இருக்கும் மாமாக் கடையில் ரொட்டிச் சானாயின் விலை ஏறாமல் இருந்தால் சரி என்றுதான் நினைத்தேன்.

இந்த மதிலை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு கிள்ளான் ஆறு வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஆறு. அணை கட்ட நினைக்கிற எந்தப் பொறியாளனும் அந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். 1958-இல் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது அங்கேதான். ஆறு ஏரியானது.

மேலே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். விழுந்தவர்கள், இறந்தவர்கள், வழி தவறி இரவெல்லாம் பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று வரிசையாகச் செய்தி வந்த பிறகு உண்டான கெடுபிடி இது. எங்கள் குழுவில் இளைஞர்கள்தான் அதிகம். பாதிப் பேர் பெண்கள். அனுமதிக்கு அலைந்ததும் அவர்களில் ஒருத்திதான். வயதில் மூத்தவர், தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அங்கிள். எனக்கு மட்டும் அண்ணன், நான் அவருக்குத் தம்பி. விடியுமுன் அணைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். பசியாறிவிட்டு வந்தது நானும் அண்ணனும் மட்டும். மற்றவர்களிடம் வாழைப்பழமும் ஏதோ பொடி கலந்த தண்ணீரும் இருந்தன.

முதல் அரை மணி நேரம் வழக்கமான மலையக் காடு. ஈரம், வேர், வழுக்கும் களிமண், கழுத்தோரம் வியர்வை. காட்டுத்தனமாக வளர்ந்துவிட்ட சில பால்மரங்களும் இருந்தன. பட்டையில் பழைய வெட்டுக் கோடு எதுவும் இல்லை, விதை உருண்டு வந்து முளைத்தவையாக இருக்க வேண்டும். பிறகு சட்டென்று மரங்கள் குட்டையாயின. ரெசாம் பெரணி இடுப்பளவுக்கு அடர்ந்து வழியை மூடியது. கையை ஊன்றிய இடத்தில் மண்ணுக்குப் பதில் கல் பட்டது, கூர்மையாக. முன்னால் ஏறிய பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “அண்ணே, கைய வைக்கிற எடத்த மொதல்ல பாருங்க. காலப் பத்தி அப்பறம் கவலப்படலாம்.” அதன் பிறகு கயிறு. யாரோ கட்டி, வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போன கயிறு. அதை நம்பக்கூடாது, பிடிமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த முகட்டின் முதல் விதி.

மேலே வந்ததும் வேறு நாடு. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல ஒன்றே முக்கால் பங்கு. அவ்வளவு மழை விழுந்தும் முகட்டின் மேல் தண்ணீர் நிற்பதில்லை, நிற்க மண் இல்லை. பெய்த மறுகணம் வழிந்து ஓடிவிடும், பிறகு வெயில் கல்லைச் சுடும். ஆகவே இங்கே வளர்வதெல்லாம் வறட்சிக்குப் பழகிய புதர்கள். சின்ன இலை, தடித்த இலை, ஊசி இலை. சுச்சுர் ஆத்தாப் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெக்கியா செடியைக் கிழக்குக் கரையின் மணல்வெளியில் பார்த்திருக்கிறேன், உயரமான மலைகளின் உச்சியிலும் பார்த்திருக்கிறேன். கடற்கரைக்கும் மலையுச்சிக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும் என்று கேட்டால், உப்புக்காற்றோ குளிரோ அல்ல, பட்டினிதான். சத்தில்லாத தரை, மறைப்பில்லாத வெயில், ஓயாத காற்று. இவற்றைத் தாங்கத் தெரிந்த செடி கடலோரம் இருந்தாலென்ன, மலைமேல் இருந்தாலென்ன? பாறை இடுக்கில் முழங்கால் உயரத்தில் அது நிற்கும்போது, திரங்கானு கடற்கரையில் புதரை விலக்கி நடந்த நினைவு தன்னால் வருகிறது. அலைச்சத்தம்தான் இல்லை.

கெமுந்திங் செடியும் ஏறும் வழியில் கண்ணில் பட்டது. இளஞ்சிவப்புப் பூ, ஊதாக் கறுப்பில் சின்னப் பழம், தின்றால் நாக்கு நீலமாகும். நீலகிரிக்காரர்களிடம் இதைக் காட்டினால் தவிட்டுப்பழம் என்று சொல்லிப் பறித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார், இந்த நாட்டில் அவருக்கு முதலில் தெரிந்த முகம் அதுவாக இருந்திருக்கும். இன்னொரு பக்கம், இந்த முகட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் வளராத செடிகளும் சில இங்கே உண்டு. யூலாலியா மில்சுமி என்ற புல் அவற்றில் ஒன்று. பார்ப்பதற்குச் சாதாரணப் புல்தான். யாராவது காட்டிக் கொடுக்காவிட்டால் மிதித்துவிட்டுப் போய்விடுவோம்; நாங்களும் எத்தனை தாளை மிதித்தோமோ.

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது நம் மரபு. கோடை அதற்குக் காரணம். இங்கே கோடை என்று தனியாக ஒன்று இல்லை, ஆனாலும் பச்சைக் காட்டின் நடுமுதுகில் பாலை கிடக்கிறது, பன்னிரண்டு மாதமும் மழை நனைக்கும் பாலை. கல் செய்த பாலை என்று இதைச் சொல்லலாம். தொல்காப்பியர் காலத்து இலக்கணக்காரர் எவராவது இதை ஏறிப் பார்த்திருந்தால் எங்கே வைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்ததில் கை சறுக்கி, அண்ணனிடம் திட்டு வாங்கினேன்.

இந்த முகட்டின் செடிகளைப் பற்றி எழுதியவர்களில் ஹென்றி ரிட்லியும் ஒருவர். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாளராக வந்து, தீபகற்பத்தின் செடிகொடிகளை ஐந்து தொகுதிகளாகத் தொகுத்தவர். நூறு வயது வாழ்ந்து 1956-இல் இறந்தவர். தாவரவியல்காரர்களுக்கு அவர் அப்படி. நமக்கு வேறு மாதிரி. 1877-இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். அவற்றின் வழித்தோன்றல்களை வைத்துக்கொண்டு, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டு முறையை ரிட்லி கண்டுபிடித்தார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு போவாராம். “பைத்தியக்கார ரிட்லி” என்று சிரித்தார்கள். காப்பி விலை விழுந்து, மோட்டார் வண்டிக்கு டயர் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த மரங்களை வெட்ட ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் திருச்சிக்கும் சேலத்துக்கும் தஞ்சாவூருக்கும் போனார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அந்தக் கப்பல்கள் ஓடின.

ஆக, என் பாட்டி பிறந்ததற்கும் இந்த முகட்டுப் புல்லுக்குப் பெயர் இருப்பதற்கும் நடுவில் அதே தலைமுறை வெள்ளைக்காரர்கள்தான் நிற்கிறார்கள். காலையில் ரப்பரைப் பற்றிக் கடிதம் எழுதிவிட்டு மாலையில் செடிகளை அழுத்திக் காயவைத்திருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை, பொறாமைதான் வருகிறது. இந்தக் கல்லின் மேல் குனிந்து ஒரு புல்லை உற்றுப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

பாட்டிக்கு இருக்கவில்லை. இன்றைக்கு வாங்சா மாஜு என்று அடுக்குமாடிகள் நிற்கும் இடம் அப்போது ஹாத்தோர்ண்டன் தோட்டம்; 1980-களில்தான் அது நகரமானது. அங்கே வெட்டுமரக்காரியாக இருந்தவர் பாட்டி. லயத்து வாசலில் நின்றாலே கல்மலை தெரியுமாம். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது இருட்டில் கறுப்பாகத் தெரியும், பால் எடுத்துத் திரும்பும்போது வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையை வைத்து நேரம் சொல்வார்களாம். ஒரு தடவையாவது ஏறிப் பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறேன். “அங்க எதுக்குடா போவணும்? மரமா இருக்கு வெட்டுறதுக்கு?” என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதில் குறையொன்றும் இல்லை. பாட்டிக்கு மலை கடிகாரமாகப் பயன்பட்டது, அது போதும்.

மலையை நாம் பார்க்காதவர்கள் என்று சொல்லவும் முடியாது. நம்முடைய பழைய அகப்பாடல்களில் தலைவி மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் நாட்டு மலை கண்ணில் படும்வரை அவளுக்கு உயிர் நிற்கிறது. மாலை மங்கி மலை மறைந்தால் துயரம். ஆனால் அவள் பார்ப்பது மலையையா, அவனையா? முருகன் குடியிருக்கும் குன்றுகளுக்கும் அப்படியே. முகட்டின் மேல் தெளிவான காலையில் மேற்கே பத்துமலையின் சுண்ணாம்புக் குன்று தெரிகிறது. 1891-இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே கோயிலை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டிலிருந்து தைப்பூசம். 272 படி. 2006 முதல் வாசலில் 42.7 மீட்டர் உயர முருகன். தைப்பூச நாளில் அந்தப் படிகளில் ஏறாத தமிழ்க் குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது. அது கூட்டத்தின் ஏற்றம். பிள்ளைக்காகவும் நோய்க்காகவும் வேலைக்காகவும் ஏறுவது; ஏறி முடித்தால் கணக்குத் தீரும். இந்த நாட்டில் மலைக்கும் காட்டுக்கும் நாம் போனது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான்: கூலி, வேண்டுதல். அந்த இரண்டும் இல்லாமல், சும்மா போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும் தமிழர்களை நான் வளர்ந்த காலத்தில் பார்த்ததில்லை. அப்படிப் போகிறவன் குடிக்கப் போகிறான் அல்லது தற்கொலைக்குப் போகிறான் என்று ஊர் பேசும்.

இப்போது வார இறுதியில் எந்தக் குன்றுக்குப் போனாலும் தமிழ் காதில் விழுகிறது. தாதியர், ஆசிரியைகள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருப்பவர்கள். எங்கள் குழுவில் பலரும் அதே வகை. கையில் அடியெண்ணும் கடிகாரம், முகட்டில் நின்று ஏரி பின்னணியில் படம், உடனே பதிவேற்றம். இதைக் குறைசொல்லி எழுதுவது எளிது, நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. பாட்டியை யாரும் சும்மா படம் எடுத்ததில்லை; என்னிடம் இருக்கும் ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது, பின்னால் வெறும் துணி. அந்த வம்சத்தில் வந்த பெண் ஒருத்தி, வெள்ளைப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து, பின்னால் ஓர் ஏரியையும் மலைத்தொடரையும் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் கிடையாது. பாறை விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி உட்காரட்டும், அவ்வளவுதான். சிலர் அதைக் கேட்பதில்லை.

முகட்டின் ஒரு பக்கம் நகரம். இரட்டைக் கோபுரம், அம்பாங்கின் அடுக்குமாடிகள், நெடுஞ்சாலையின் இரைச்சல். அந்த உயரத்திலும் இரைச்சல் கேட்கிறது என்பதுதான் வியப்பு. மறு பக்கம் ஏரி. சத்தமே இல்லை, தூரக் காட்டில் ஏதோ ஒரு குரங்கு இழுத்து இழுத்துக் கூவியது, பிறகு அதுவும் நின்றது. சூரியன் ஏரிக்குப் பின்னாலிருந்து வந்தது. மூடுபனி தண்ணீரை விட்டு எழும்பாமல் கிளைக்கிளையாகப் பள்ளத்தாக்குகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. நடந்து தாண்டும் முகட்டின் அகலம் சில இடங்களில் ஓர் ஆள் படுக்கும் அளவுதான். கழுத்தைத் திருப்பினால் போதும், குழாயும் ஊற்றும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அண்ணன் ஏரியைப் பார்த்த விதம் வேறு. மற்றவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், அவர் கரையில் தெரியும் செம்மண் வரியைப் பார்த்தார். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்த வரி சொல்லும். “இன்னும் மோசமில்ல,” என்றார். இங்கிருந்து போகும் தண்ணீர் புக்கிட் நானாஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் கோலாலம்பூருக்கு இது தலையாய ஊற்று. ஊர் பெருத்ததும் அணையின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அதுவும் போதாமல் பத்து, லங்காட், செமினி என்று வேறு அணைகள் எழுந்தன, பிறகு பகாங்கிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் பெரிய அட்டவணையில் கிள்ளான் கேட்ஸ் சின்ன எண்தான்.

1998-ஐ அவரால் மறக்க முடியாது. எல் நினோ ஆண்டு. அம்பாங், செராஸ், காஜாங், பாங்கி எல்லாம் மாதக்கணக்கில் பங்கீட்டுத் தண்ணீர். அவர் தண்ணீர் லோரியோடு அம்பாங்கிலும் பாண்டானிலும் சுற்றினாராம். “லோரி சத்தம் கேட்டா பாஞ்சி வருவாங்க தம்பி. வாளி, அண்டா, சோத்துப் பானை, கொழந்த குளிக்கிற தொட்டி... எதையும் பாக்கமாட்டாங்க. மூணாவது மாடி, நாலாவது மாடிக்கெல்லாம் பொம்பளைங்கதான் தூக்கிட்டுப் போவாங்க. ஆம்பளைங்க எங்கயோ நின்னு என்னோட சண்ட போட்டுக்கிட்டிருப்பாங்க, லோரி ஏன் லேட்டுன்னு.” அப்போது ஏரியின் அடிமண் வெடித்துக் கிடந்ததா என்று ஓர் இளைஞன் கேட்டான். இவருக்குத் தெரியாது. அத்தனை ஆண்டு இலாகாவில் இருந்தும் மேலே ஏறிப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். வேலை நாளில் இங்கே எதற்கு வரப்போகிறார்? பாட்டி கேட்ட அதே கேள்வி.

ஏரியைத் தொட முடியாது. நீர்ப்பிடிப்புப் பகுதி, வேலி, எச்சரிக்கைப் பலகை, உள்ளே நுழைந்தால் குற்றம். நியாயம்தான். குடிக்கிற தண்ணீர். ஏரிக்கரை என்றால் படித்துறை, துணி துவைக்கும் கல், எருமை, அய்யனார் என்று நினைக்கப் பழகிய நமக்கு, மனிதக் காலடியே இல்லாத ஏரிக்கரை கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. கரை வரை காடு வந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. இந்தப் பாறை இடுக்குகளில் கம்பிங் குருன் என்னும் மலையாடு இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் வரையாட்டுக்கு அது தூரத்து உறவு மட்டுமே. புழுக்கையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. இவ்வளவு பேர் பேசிக்கொண்டு வந்தால் எந்த ஆடு நிற்கும்?

அந்த உயரத்திலிருந்து ஆற்றின் போக்கை மனத்துக்குள் கோடு போட்டுப் பார்க்கலாம். அணையைத் தாண்டி, மேலாவாத்தி, அம்பாங் ஓரமாக இறங்கி, மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றைச் சேர்கிறது. 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் படகில் எதிர்நீச்சலாக வந்து இறங்கியது அந்தக் கூடுமிடத்தில்; அங்கிருந்து காட்டுவழியே நடந்து ஈயம் தோண்டப் போன இடம்தான் அம்பாங். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோர் காய்ச்சலில் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 18 பேர். ஊர் அப்படித்தான் தொடங்கியது. ஆறு பிறகு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வளைகிறது. ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்களின் குடியிருப்புகள் இருந்த இடம். ஷா ஆலாமைக் கடந்து கிள்ளான்; அதற்கப்பால் கடல், ஒரு காலத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர் தாங்கிய இடம். பாட்டியின் அப்பா கப்பலிலிருந்து இறங்கியது அங்கே. அவர் ஆற்றின் வாயில் இறங்கினார், மகள் நடு ஆற்றின் ஓரத்துத் தோட்டத்தில் மரம் வெட்டினாள், நாங்கள் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறோம். ஆற்றின் மொத்த நீளம் 120 கிலோமீட்டர். நூறு ஆண்டுக்குக் குறையாத நேரம்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், எல்லா மலையிலும் போல. வெயில் ஏறிவிட்டால் குவார்ட்ஸ் கண்ணைக் கூசவைக்கும். தண்ணீர் தீர்ந்தவர்களுக்கு மற்றவர்கள் கொடுத்தார்கள். கீழே தெரியும் ஏரியைக் காட்டி “அவ்ளோ தண்ணி!” என்று ஒருவன் புலம்பியதற்கு யாரும் சிரிக்கவில்லை, அந்த நகைச்சுவை ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு தடவையும் சொல்லப்படுவதாக அண்ணன் சொன்னார்.

உலு கிள்ளான் பக்கம் மலைச்சரிவு என்றாலே ஊர்க்காரர்களுக்கு ஒரு தேதி நினைவுக்கு வரும். 1993 டிசம்பர் 11. ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்த நாள். சரிவின் மேலிருந்து வந்த நீரை ஒழுங்காக வடியவிடாததும் சரிவைத் தாங்க வேண்டிய சுவர்கள் தாங்காமல் போனதும் காரணங்கள். அந்தக் கட்டடங்களின் வெறும் கூடு நெடுங்காலம் அப்படியே நின்றது. மலையில் ஏறி விழுகிறவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, மலையை வெட்டி வீடு கட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேசுவதில்லை. ஏறுகிறவனுக்கு அனுமதிச் சீட்டு, அபராதம், எச்சரிக்கைப் பலகை எல்லாம் உண்டு. அம்பாங் காட்டின் ஓரமாகக் கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலைக்காக நூறு ஹெக்டேருக்கும் அதிகமான வனக்காப்பு நிலம் காப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதுவும் நீர்ப்பிடிப்பைச் சேர்ந்த மலைகள்தான். கயிற்றைப் பிடித்து ஏறும் முப்பது பேரால் ஒரு காட்டுக்கு வரும் கேட்டையும் ஒரு நெடுஞ்சாலையால் வருவதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு முடியவில்லை. அனுமதி முறை இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன், கூட்டம் கட்டுக்குள் இருந்தால் புல்லும் பிழைக்கும். அதே கண்டிப்பு புல்டோசருக்கும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

இதைத்தான் கீழே மேலாவாத்தியில் மாமாக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் முகட்டை முழுக்க மூடிவிட வேண்டும் என்றார்கள். தாங்கள் பார்த்துவிட்ட பிறகு அப்படிச் சொல்வது எளிது. மூடினால் திருட்டு வழியில் ஏறுவார்கள், அப்போது விழுந்தால் தேடக்கூட யாருக்கும் தெரியாது என்றார்கள் மற்றவர்கள். அனுமதிக்கு அலைந்த பெண் இரண்டிலும் சேரவில்லை. அவளுக்கு வேறு யோசனை: அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிவர வேண்டும்.

“இங்க வேணாம் தங்கச்சி,” என்றார் அண்ணன். “அம்மாவுக்கு அறுபதுன்னு சொல்ற. மொதல்ல தாசேக் தித்திவாங்சாவச் சுத்தி நடக்கச் சொல்லு. அங்கயும் ஏரிதான்.”

“அவங்க வருசா வருசம் பத்துமலை ஏறுறாங்க, அங்கிள். பால்குடத்தோட. 272 படியும்.”

“அது வேற.”

“என்ன வேற?”

அண்ணன் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே யோசித்தார். படி இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கிறது என்றார். அதெல்லாம் சரி, ஆனால் வேறு என்று சொன்னது அதற்காக இல்லையே என்றாள் அவள். பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பி ஏதோ சொன்னார், சாமி தூக்கிக்கொண்டு போகும் என்கிற மாதிரி. ரொட்டி வருவதற்குள் மேசையில் எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது, ஒன்றும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. நான் அம்மாவின் பக்கம். அனுமதி வாங்கட்டும், முழுக்கைச் சட்டை போடட்டும், கையை வைக்கும் இடத்தை முதலில் பார்க்கட்டும், ஏறிவிடுவார்.